ஹூ, விச், தட்: மலாய்க்கு ஒரு ‘யாங்’ போதும், ஆங்கிலத்துக்கு ஏன் இத்தனை?

திம்பாங் கிராணி, பெஸ்தாரி ஜெயா

வணக்கம். செம்பனை எண்ணெய் ஆலையில் திம்பாங் கிராணியாக இருக்கிறேன். லோரி வந்தால் எடை போட்டுச் சீட்டுக் கொடுப்பேன். சாயங்காலம் தலைமை அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் ஈமெயில் எழுத வேண்டும், அங்கேதான் வம்பு. தமிழ்ப்பள்ளி, அப்புறம் மலாய் இடைநிலைப்பள்ளி என்று படித்தவள். பேச்சு எப்படியோ ஓடிவிடும், எழுத்தில் மாட்டிக்கொள்கிறேன்.

போன வாரம் ‘தி டிரைவர் விச் கேம் லேட்’ என்று எழுதினேன். ஓர் அதிகாரி ‘விச்’சைச் சிவப்பாக்கி, 20 பேருக்குப் போகிற மாதிரி பதில் அனுப்பிவிட்டார். ‘தி மண்டோர் (மேற்பார்வையாளர்) ஐ ஸ்போக் இஸ் ஆன் லீவ்’ என்பதற்கும் சிவப்பு. அது ஏன் என்று இன்னும் விளங்கவில்லை.

மலாயில் ‘ஓராங் யாங் லம்பாட்’, ‘லோரி யாங் ரோசாக்’. ஆளுக்கும் வண்டிக்கும் ஒரே யாங். தமிழில் அதுவும் வேண்டாம்: தாமதமாக வந்த ஆள், கெட்டுப்போன லோரி, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் எதை எங்கே போடுவது?

டியூஷன் தம்பி, ரவாங்

அக்கா, ஆளுக்கு ஹூ, பொருளுக்கு விச், பேச்சில் இரண்டுக்கும் தட். ஹூம் பற்றிக் கவலை வேண்டாம், ‘டு ஹூம்’ மாதிரி முன்னால் ஒரு டு, வித் வந்தால்தான் அது கட்டாயம்.

சில இடத்தில் ஒன்றுமே போட வேண்டாம். ‘தி லோரி ஐ வெய்ட்’ (நான் எடை போட்ட லோரி) சரியான ஆங்கிலம். மலாயில் ‘லோரி யாங் சாயா திம்பாங்’ என்பதில் யாங்கை எடுத்தால் வேறு வாக்கியமாகிவிடும். ஆனால் ‘தி டிரைவர் கேம் லேட் இஸ் ஹியர்’ என்று எழுத முடியாது. அந்தச் சொல் நிற்க வேண்டிய இடத்துக்கு அடுத்து ஐ, வி, தி பாஸ் என்று ஆள் வந்தால் விட்டுவிடலாம். நேரே வினைச்சொல் வந்தால் ஹூவோ தட்டோ இருந்தே ஆக வேண்டும்.

திம்பாங் கிராணி

அப்படியென்றால் ‘தி மண்டோர் ஐ ஸ்போக்’ சரிதானே தம்பி? அடுத்து ‘ஐ’தானே வருகிறது?

பழைய வாத்தியார், தெலுக் இந்தான்

அதில் விட்டுப்போனது ஹூ இல்லையம்மா, ‘டு’.

நீங்கள் சொன்ன ‘வந்த’, ‘கெட்டுப்போன’ மாதிரிச் சொல்லுக்கு நம் இலக்கணத்தில் பெயரெச்சம் என்று பெயர். செய்பவர், பொருள், இடம், காலம், கருவி, தொழில் என்று ஆறுக்கும் ஒரே உருவம் ஒத்துப்போகும் என்று தொல்காப்பியமே சொல்லிவைத்திருக்கிறது. என் அப்பா பால்மரம் (ரப்பர் மரம்) சீவியவர், அதையே வைத்துப் பாருங்கள். சீவிய அப்பா, சீவிய மரம், சீவிய தோட்டம், சீவிய நாள், சீவிய கத்தி. ‘சீவிய’ மாறவே இல்லை. அப்பா சீவினார், மரத்தைச் சீவினார், தோட்டத்தில் சீவினார், கத்தியால் சீவினார் என்பதில் இருந்த ஐ, இல், ஆல் எல்லாம் எங்கே போயின? நாம் விழுங்கிவிட்டோம். கேட்கிறவருக்குத் தானாகப் புரிகிறது.

ஆங்கிலம் விழுங்க விடாது. அப்பாவுக்கு ஹூ, மரத்துக்கு விச், தோட்டத்துக்கு வேர், நாளுக்கு வென். கத்திக்கு ‘தி நைஃப் ஹி டேப்ட் தி ட்ரீ வித்’. அந்தக் கடைசி ‘வித்’தான் நம்முடைய ‘ஆல்’. 30 வருடம் பாடம் எடுத்தேன், பிள்ளைகள் தவறாமல் விட்டது இதைத்தான்.

எழுதுமுன் தமிழில் முழு வாக்கியமாகச் சொல்லிப் பாருங்கள். ‘மண்டோரிடம் பேசினேன்.’ அந்த ‘இடம்’தான் டு. ஆகவே ‘தி மண்டோர் ஐ ஸ்போக் டு’. மண்டோரைப் பற்றிப் பேசியிருந்தால் ‘அபௌட்’. தமிழில் இரண்டுமே ‘நான் பேசிய மண்டோர்’தான், ஆங்கிலத்தில் வேறு வேறு.

இரவு ஷிஃப்ட், கிள்ளான்

வாத்தியார் ஐயா, வணக்கம். அக்கா, கமாவையும் கவனியுங்கள். ‘பெஸ்தாரி ஜெயா, விச் யூஸ்ட் டு பி பத்தாங் பெர்ஜுந்தை’ என்று எழுதினால் கமா வேண்டும். எந்த ஊர் என்று பெயரே சொல்லிவிட்டது, மற்றது கூடுதல் சேதி. அந்தக் கமாவுக்குப் பின்னால் தட் போடக்கூடாது. எந்த ஆள், எந்த லோரி என்று பிரித்துக் காட்டுவதாக இருந்தால் கமா கிடையாது.

திம்பாங் கிராணி

ஐயா, ‘ஆல்’ எங்கே போனது என்று இத்தனை வருடத்தில் ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. நன்றி.

கமா சேதி சரியான நேரத்தில் வந்தது. இன்றைக்கு 4 டிரைவர்கள், தாமதம் 2 பேர்தான். நான் அடித்து வைத்திருந்தது: ‘தி டிரைவர்ஸ், ஹூ கேம் லேட், வில் பி ஃபைன்ட்’. அப்படியென்றால் நாலு பேருமே தாமதம், நாலு பேருக்கும் அபராதம் என்றல்லவா ஆகிறது?

இரவு ஷிஃப்ட், கிள்ளான்

அதேதான் அக்கா.

திம்பாங் கிராணி

இரண்டு கமாவையும் எடுத்துவிட்டு அனுப்பினேன். இல்லாவிட்டால் நேரத்துக்கு வந்த அந்த 2 பேரும் நாளைக் காலை என் ஜன்னலுக்கு முன்னால் நின்றிருப்பார்கள்.