முதியோர் கூட்டத்துக்குப் பேச ஆள் வேண்டும்: பள்ளத்தூர்

வணக்கம். அக்டோபர் 1, முதியோர் தினத்தன்று எங்கள் வீட்டு முகப்பில் ஊர் ஆச்சிமார், ஐயாக்களை உட்கார வைத்து, கீழே விழாமல் இருப்பது பற்றிப் பேசலாம் என்றிருக்கிறோம். பிள்ளைகள் சென்னை, சிங்கப்பூர் என்று போய்விட, அவ்வளவு பெரிய வீடுகளில் தனியாக இருப்பவர்கள் இங்கே நிறைய.

போன மாதம் எங்கள் அப்பத்தா இரண்டாங்கட்டு நிலைப்படியில் தடுக்கி விழுந்தார்கள். ஈரமான ஆத்தங்குடிக் கல் வேறு. அதற்கு முன் இரண்டு வாரமாகவே தலைசுற்றல் இருந்ததாம். “வயசானா அப்படித்தான்” என்று யாரிடமும் சொல்லவில்லை. அந்த எண்ணம்தான் முதலில் மாற வேண்டும்.

காரைக்குடிப் பக்கம் பிசியோதெரபிஸ்ட் யாரையாவது தெரியுமா? கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழும் பயிற்சி, ஒற்றைக்காலில் நிற்பது, இதையெல்லாம் செய்து காட்டினால் போதும். தலைசுற்றல் தரும் மாத்திரை ஏதும் இருக்கிறதா என்று மாத்திரைச் சீட்டுகளைப் பார்க்க ஒரு டாக்டரும் வந்தால் ரொம்ப நல்லது. அப்புறம், 14567 என்ற முதியோர் உதவி எண்ணைப் பெரிய எழுத்தில் அச்சடித்துத் தர யாராவது முன்வந்தால் சொல்லுங்கள். காரும் மதியச் சாப்பாடும் எங்கள் பொறுப்பு.