முதல் குளிர்காலமும் சைக்கிளும்: புதிதாக வந்தவர்களுக்கு

அக்டோபர் பிறந்தால் போதும், ஐரோப்பா, கனடா போன்ற குளிர்நாடுகளுக்குப் புதிதாக வந்தவர்களிடமிருந்து இந்தக் கேள்வி வந்துவிடும்: "சைக்கிளை ஏப்ரல் வரைக்கும் மூடிப்போட்டு வைத்துவிட வேண்டியதுதானா?" வேண்டியதில்லை. பின்லாந்தின் ஔலு நகரம் ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது. அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகள் கடும் உறைபனியிலும் சைக்கிளில்தான் போய் வருகிறார்கள். குளிர்கால சைக்கிள் பயணத்துக்கென்றே நடந்த முதல் சர்வதேச மாநாடு 2013-இல் அந்த ஊரில்தான் கூடியது. அடுத்த ஆண்டு கனடாவின் வினிபெக்கில் நடந்தது. அதுவும் மாதக்கணக்கில் உறைந்து கிடக்கும் ஊர்தான். எனவே முடியுமா என்று கேட்காதீர்கள், முடியும். எந்த நாளில் எடுப்பது, எந்த நாளில் வீட்டிலேயே விட்டுவிட்டுப் பேருந்து ஏறுவது என்று கணிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

பெரும்பாலோர் பயப்படுவது மைனஸ் 10, மைனஸ் 15 என்ற எண்களுக்கு. நான் பயப்படுவது பிளஸ் 2-க்கும் மைனஸ் 3-க்கும் இடையில் ஊசலாடும் நாட்களுக்கு. மைனஸ் 10-இல் மிதிபட்டு இறுகிய பனி காய்ந்து, சொரசொரப்பாக இருக்கும். டயர் அதைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் நேற்று மதியம் பிளஸ் 2 வரை ஏறியது, ஓரத்தில் குவித்து வைத்த பனி உருகிப் பாதையின் குறுக்கே வழிந்தது, இரவு மைனஸ் 3-க்கு இறங்கியது என்றால், காலையில் அந்தத் தண்ணீர் கண்ணாடிப் படலமாகக் கிடக்கும். பிளாக் ஐஸ் என்று சொல்வது இதைத்தான். பார்த்தால் வெறும் ஈரத்தார் மாதிரியே இருக்கும், அதுதான் ஆபத்து.

ஆகவே காலையில் வானிலை ஆப்பைத் திறந்து இன்றைய வெப்பநிலையை மட்டும் பார்ப்பது போதாது. நேற்று மதியம் எவ்வளவு, ராத்திரி எவ்வளவு, தரை ஈரமாக இருந்ததா என்ற மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். நேற்று பூஜ்யத்துக்கு மேலே, ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழே, தரையில் ஈரம் என்றால் அன்று சைக்கிள் வேண்டாம். உறைமழை, அதாவது தரையில் பட்டதும் உறையும் மழை, பற்றி எச்சரிக்கை வந்தாலும் அப்படியே, யோசிக்கவே வேண்டாம். இன்னொன்று: மேகமில்லாத இரவுகளில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்துவிடும். அதனால் காற்றின் வெப்பநிலை பிளஸ் 2, பிளஸ் 3 என்று காட்டும்போதே சாலை உறைந்திருக்கலாம். பாலங்களில் இது முதலில் நடக்கும், மேலும் கீழும் இரு பக்கமும் காற்றுப் படுகிறதே. கட்டட நிழல் விழும் வளைவு, ஈர இலைகள் படிந்த ஓரம், சாக்கடை மூடி, டிராம் தண்டவாளம், வெள்ளைக் கோடு எல்லாம் அதே வகைதான். உங்கள் வழியில் இப்படி எத்தனை இடம் இருக்கிறது என்று பனி விழுவதற்கு முன்பே ஒருமுறை நிதானமாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கோடைகாலத்து வழியே குளிர்காலத்துக்கும் சரிப்படும் என்று எண்ணாதீர்கள். வண்டி அதிகமில்லாத உள் தெருக்கள் கோடையில் சுகம். பனி விழுந்தால் அந்தத் தெருக்களுக்குப் பனியை ஒதுக்கும் கலப்பை வண்டி கடைசியில்தான் வரும். பெரிய சாலையும் பேருந்துத் தடமும் முதலில் சுத்தமாகும். கோபன்ஹேகன் போன்ற ஊர்களில் முக்கிய சைக்கிள் பாதைகளுக்கே முன்னுரிமை கொடுத்துப் பனி அள்ளுகிறார்கள். ஸ்வீடனில் ஸ்டாக்ஹோம் உட்பட சில நகரங்களில், சுழலும் பெரிய தூரிகையால் பனியைத் துடைத்துவிட்டு உப்புக்கரைசல் தெளிக்கும் வண்டி ஓடும். அந்தப் பாதைகளில் ஜனவரியிலும் கறுப்புத் தார் தெரியும். உப்பு மைனஸ் 10-க்குக் கீழே சரியாக வேலை செய்யாது. அதனால் இன்னும் வடக்கே போனால் பனியை முழுதாக அள்ளாமல் இறுக்கி, மேலே வரிவரியாகக் கீறிவிடுகிறார்கள். உங்கள் நகராட்சித் தளத்தில் எந்தப் பாதைக்கு முன்னுரிமை என்ற வரைபடம் பெரும்பாலும் கிடைக்கும். பத்து நிமிடம் சுற்றாக இருந்தாலும் அந்த வழியில் போங்கள்.

ஜெர்மனியில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. நீல வட்டத்துக்குள் வெள்ளை சைக்கிள் இருக்கும் பலகை இருந்தால் அந்தப் பாதையில்தான் ஓட்டவேண்டும் என்பது விதி. ஆனால் பாதை பனியில் மூடி ஓட்டவே முடியாத நிலையில் இருந்தால் அந்தக் கட்டாயம் உங்களைக் கட்டாது, சாலையில் இறங்கி ஓட்டலாம். பின்னால் யாராவது ஹாரன் அடித்தால் பதறி ஓரத்துப் பனிக்குவியலில் ஏற்றிவிடாதீர்கள்.

சரி, டயருக்கு வருவோம். காசு செலவழிக்க வேண்டிய இடம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். ஆம்ஸ்டர்டாம், லண்டன் மாதிரி ஊர்களில் குளிர்காலத்தின் பெரும்பகுதி வெறும் மழையும் ஈரமும்தான். நல்ல ரப்பர் உள்ள அகலமான டயரே போதும். ஸ்டாக்ஹோம், ஹெல்சின்கி, ஆஸ்லோ, மான்ட்ரியல் என்றால் ஆணி பதித்த டயர் வாங்குங்கள். ஆணி எஃகா, டங்ஸ்டன் கார்பைடா என்று கேட்டு வாங்குங்கள். வெறும் எஃகு தார்ச்சாலையில் சீக்கிரம் தேய்ந்துவிடும், கார்பைடு பல குளிர்காலம் தாங்கும். ஜெர்மனியில் காருக்கு ஆணி டயர் தடை என்று கேள்விப்பட்டுத் தயங்குவார்கள். அந்தத் தடை சாதாரண சைக்கிளுக்குப் பொருந்தாது. இப்போதைக்கு ஒரே ஒரு டயர்தான் வாங்க முடியும் என்றால் முன் சக்கரத்துக்குப் போடுங்கள். பின் சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். முன் சக்கரம் வழுக்கினால் யோசிப்பதற்குள் தரையில் கிடப்போம்.

மாட்டிய உடனே வேகம் பிடிக்காதீர்கள். முதல் 40 கிலோமீட்டர் அளவுக்கு வெறும் தார்ச்சாலையில், சடாரென்று பிரேக் பிடிக்காமல், திடீரென்று மிதிக்காமல் ஓட்டினால்தான் ஆணிகள் ரப்பருக்குள் நன்றாக உட்காரும். இதைச் செய்யாமல் விட்டால் ஆணிகள் ஒவ்வொன்றாக உதிரும். நவம்பர் தொடக்கத்தில், பனிக்கு முன்பே மாட்டிவிடச் சொல்வது இதனால்தான்.

காற்றழுத்தத்தையும் கவனியுங்கள். வீட்டுக்குள் 20 டிகிரியில் 4 பார் (காற்றழுத்த அளவு) அடித்துவிட்டு மைனஸ் 10-இல் வெளியே எடுத்தால், டயரில் கிட்டத்தட்ட 3.5 பார்தான் இருக்கும். ஓட்டை ஏதும் இல்லை, காற்று குளிர்ந்து சுருங்கியதுதான். பனியில் கொஞ்சம் குறைந்த அழுத்தம் நல்லதுதான், தரையோடு ஒட்டும் பரப்பு கூடும். ஆனால் டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் குறைந்தபட்சத்துக்குக் கீழே விடாதீர்கள்.

ஓட்டும் முறையில் பெரிய வித்தை எதுவும் இல்லை, நிதானம்தான். சீட்டை ஓரிரு சென்டிமீட்டர் இறக்குங்கள், கால் சட்டென்று தரையைத் தொடும். வளைவுக்குள் போனபிறகு பிரேக்கைத் தொடாதீர்கள், வேகத்தை அதற்கு முன்பே குறைத்துவிட வேண்டும். பின் பிரேக்கை முதலில், மெதுவாக. தண்டவாளத்தை முடிந்தவரை நேர்க்குத்தாகக் கடக்கவேண்டும். புதுப்பனி ஒரு சாண் விழுந்திருந்தால் உதிரி மணலில் ஓட்டுவது மாதிரிதான்: ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காமல், சின்ன கியரில், சீராக மிதித்துக்கொண்டே இருங்கள். பிளாக் ஐஸ் படலத்தின் மேல் ஏறிவிட்டோம் என்று தெரிந்தால் பிரேக்கும் பிடிக்காமல், திருப்பவும் செய்யாமல், அப்படியே உருளவிட்டு அந்தப் பக்கம் போய்ச் சேருங்கள்.

துணி விஷயத்தில் புதியவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி நடந்துகொள்கிறார்கள்: இருப்பதிலேயே தடித்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கிளம்புவது. பத்தாவது நிமிடம் வியர்வை, பதினைந்தாவது நிமிடம் நனைந்த பனியன், அப்புறம்தான் உண்மையான குளிர். வாசலில் நிற்கும்போது லேசாகக் குளிரவேண்டும், அதுதான் சரியான அளவு. உடம்போடு ஒட்டிப் பருத்தி வேண்டாம், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மெரினோ கம்பளி அல்லது விளையாட்டுத் துணி, அதற்குமேல் மெல்லிய ஃபிளீஸ், எல்லாவற்றுக்கும் மேலே காற்றைத் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட். காற்றே இல்லாத நாளிலும் 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால் நாமே காற்றை உண்டாக்குகிறோம் என்பதை மறக்கவேண்டாம். காற்றுக்குளிர் கணக்குப்படி 20 கிலோமீட்டர் காற்றில் பூஜ்யம் டிகிரி மைனஸ் 5 மாதிரியும், மைனஸ் 10 கிட்டத்தட்ட மைனஸ் 18 மாதிரியும் உறைக்கும்.

உடம்பு எப்படியும் சூடாகிவிடும். கஷ்டப்படுவது விரல், காது, கால்நுனி. மைனஸ் 5-க்குக் கீழே ஐந்து விரல் கையுறையைவிட விரல்கள் சேர்ந்திருக்கும் மிட்டன் நல்லது. அதற்கும் மேலே வேண்டுமென்றால் ஹேண்டில்பாரிலேயே மாட்டும் உறை இருக்கிறது, உள்ளே மெல்லிய கையுறையோடு பிரேக்கும் கியரும் சுலபமாகப் பிடிக்கலாம். ஹெல்மெட்டுக்கு அடியில் காதை மூடும் மெல்லிய தொப்பி போதும், தடித்த தொப்பி போட்டால் ஹெல்மெட் சரியாக உட்காராது. ஷூ கொஞ்சம் தளர்வாக இருக்கட்டும், இரண்டு சாக்ஸைத் திணித்து இறுக்கினால் ரத்த ஓட்டம் தடைபட்டு இன்னும் அதிகமாகக் குளிரும். மூச்சிரைப்பு நோய் உள்ளவர்கள் குளிர்காற்று அதைத் தூண்டும் என்பதால் முதலில் மருத்துவரிடம் பேசிவிடுங்கள். கனடா போன்ற இடங்களில் காற்றுக்குளிர் மைனஸ் 28-க்குக் கீழே போனால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையலாம் என்று எச்சரிப்பார்கள். விரலோ மூக்கோ வெளுத்து மரத்துப்போனால் உடனே ஏதாவது ஒரு கட்டடத்துக்குள் நுழைந்துவிடுங்கள்.

குளிரைவிட இருட்டு பெரிய விஷயம். டிசம்பர் கடைசியில் லண்டனில் பகல் எட்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு, ஸ்டாக்ஹோமிலும் ஹெல்சின்கியிலும் ஆறு மணி நேரம்தான். வேலைக்குப் போவதும் இருட்டில், வருவதும் இருட்டில். முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு விளக்கு அநேகமாக எல்லா நாட்டிலும் சட்டப்படி வேண்டும். அதற்குமேல் நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனியில் சைக்கிளில் மின்னி மின்னி எரியும் விளக்கு கூடாது. பிரிட்டனில் 1985 அக்டோபருக்குப் பிறகு தயாரான சைக்கிள் என்றால் இரவில் பெடலில் அம்பர் நிறப் பிரதிபலிப்பான் இருக்கவேண்டும். முன் விளக்கைக் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்து வையுங்கள், எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கக்கூடாது. பேட்டரி விளக்கு குளிரில் சீக்கிரம் இறங்கும், பையில் சின்னதாக ஒன்று உபரியாக இருக்கட்டும். கறுப்பு ஜாக்கெட்தான் இருக்கிறதா? பரவாயில்லை, கணுக்காலில் ஒரு பிரதிபலிக்கும் பட்டை கட்டுங்கள். மிதிக்கும்போது அது மேலும் கீழும் போவதால், ஓட்டுநருக்கு அங்கே ஒரு மனிதர் வருகிறார் என்று சட்டென்று தெரியும்.

சாலை உப்பு செயினைத் தின்றுவிடும். வாரம் ஒருமுறையாவது பழைய துணியால் துடைத்து, ஈரத்துக்கென்று இருக்கும் எண்ணெயை விடுங்கள். உறைந்த சைக்கிளை வீட்டுக்குள் கொண்டுவந்து, உருகவைத்து, ஈரத்தோடு மறுபடி வெளியே கொண்டுபோவதுதான் மோசம். கேபிளுக்குள்ளும், மிதிக்காதபோதும் சக்கரத்தைச் சுழலவிடும் பின்சக்கர ஃப்ரீவீலுக்குள்ளும் போன தண்ணீர் வெளியே போனதும் உறையும். மிதிக்கிறீர்கள், பெடல் சுற்றுகிறது, செயினும் ஓடுகிறது, சக்கரம் மட்டும் அசையாது: உள்ளே இருக்கும் சின்னச் சின்ன பற்கள் பனியில் ஒட்டிக்கொண்டுவிட்டன என்று அர்த்தம். சூடான இடத்தில் கொஞ்ச நேரம் வைத்தால் சரியாகும், ஆனால் காலை எட்டு மணிக்கு யாரிடம் அந்த நேரம் இருக்கிறது? மழைபடாத, குளிர்ந்த, காய்ந்த கொட்டகைதான் சைக்கிளுக்கு நல்ல இடம். பூட்டின் சாவித்துளை கீழே பார்த்திருக்கட்டும். உறைந்தால் வெந்நீர் ஊற்றாதீர்கள், அது இன்னும் மோசமாக உறையும். பூட்டுக்கான டீ-ஐசர் (பனியை உருக்கும் திரவம்) சின்ன புட்டியாகக் கிடைக்கும், அதைக் கோட்டுப் பையில் வையுங்கள்.

மின்சார சைக்கிள் வைத்திருப்பவர்கள் பேட்டரியை மட்டும் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோங்கள். லித்தியம் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரமாகக் கெட்டுப்போகும். வெளியிலிருந்து எடுத்து வந்ததும் அறை வெப்பத்துக்கு வரட்டும், அப்புறம் சார்ஜ் போடுங்கள். குளிரில் தூரமும் கோடையைவிடக் குறையும், திரும்பி வரும் வழிக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

சைக்கிளை வீட்டிலேயே விட்டுவிடும் நாளுக்கு மாற்று ஏற்பாடு முன்கூட்டியே கையில் இருந்தால்தான் அதை நிஜமாகவே விடுவீர்கள். இல்லையென்றால் நேரமாகிவிட்டது என்று அந்த பிளாக் ஐஸ் மேல்தான் ஏறுவீர்கள். எந்தப் பேருந்து, எத்தனை மணிக்கு, டிக்கெட் எப்படி என்று நவம்பரிலேயே பார்த்து வையுங்கள். ஜெர்மனியில் 2023 மே மாதம் வந்த, நாடு முழுக்க உள்ளூர்ப் பேருந்துக்கும் ரயிலுக்கும் செல்லும் டாய்ச்லாண்ட் டிக்கெட் மாதச் சந்தாதான், 10-ஆம் தேதிக்குள் சொன்னால் அந்த மாத இறுதியோடு நிறுத்திக்கொள்ளலாம். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை மட்டும் எடுப்பவர்கள் பலர் உண்டு. நெதர்லாந்தில் காலை, மாலை நெரிசல் நேரத்தில் ரயிலில் சாதாரண சைக்கிள் ஏற்ற முடியாது, மடக்கிய சைக்கிள் என்றால் எந்நேரமும் இலவசம்.

கடைசியாக மார்ச், ஏப்ரல். பனி போனதும் எல்லாம் முடிந்தது என்று ஆணி டயரைக் கழற்ற அவசரப்படவேண்டாம், இரவு உறைபனி இன்னும் சில வாரம் வரும். வழுக்காமலிருக்கக் குளிர்காலம் முழுக்கத் தூவிய பொடிக்கல் பாதையில் அப்படியே கிடக்கும். நகராட்சி பெருக்கும்வரை வளைவுகளில் அது பனிக்கட்டிக்குச் சளைக்காமல் வழுக்கும், டியூபையும் குத்தும். பெருக்கி முடித்தபிறகு டயரை மாற்றுங்கள், அதே நாளில் செயினைக் கடையில் கொடுத்து எவ்வளவு நீண்டிருக்கிறது என்று அளந்து பார்க்கச் சொல்லுங்கள். உப்பில் ஒரு குளிர்காலம் ஓடிய செயினை அநேகமாக மாற்றவேண்டித்தான் இருக்கும், தாமதித்தால் பின்சக்கரப் பல்சக்கரத்தையும் சேர்த்து மாற்ற நேரிடும்.