800 மீட்டர் ஓடற பொண்ணு, நாலு நாளாகியும் கால் வலி போகல, பீரியட்ஸும் நின்னுருச்சு

கொழிஞ்சாம்பாறை அம்மா:
எல்லாருக்கும் வணக்கமுங்க. எம் மூத்தவ ப்ளஸ் டூ, 17 வயசு, 48 கிலோ, 800 மீட்டர் ஓடறா. காலைல அஞ்சரைக்கு ஒரு கிளாஸ் கட்டன் சாயா (பால் ஊத்தாத டீ) மட்டும் குடிச்சுட்டு கிரவுண்டுக்குப் போயிருவா, ஏழரைக்கு முடிச்சுட்டு அப்படியே பஸ் ஏறி ஸ்கூல், மத்தியானம் தான் சோறே. போன செவ்வாக்கிழமை 400 மீட்டர் ஆறு தடவை ஓட விட்டாங்க, வெள்ளிக்கிழமை வரைக்கும் மாடிப்படி நேரா இறங்க முடியல, சுவத்தப் பிடிச்சு பக்கவாட்டுல ஒவ்வொரு படியா இறங்கறதைப் பாத்துட்டு எனக்கு வயிறு கலங்கிருச்சு. முன்னெல்லாம் ரெண்டு நாள்ல சரியாயிரும். டைமும் 2 நிமிஷம் 19 செகண்ட்ல இருந்து 24க்குப் போயிருச்சு. மூணு மாசமா பீரியட்ஸ் வரல. கோச் கிட்ட கேட்டா ஓடற புள்ளைகளுக்கு அது சகஜம், இன்னும் ரெண்டு கிலோ குறைச்சா வேகம் வரும்னு சொல்லிட்டார், அதைக் கேட்டு இவ ராத்திரி சோத்தையும் குறைச்சுட்டா. புரோட்டீன் பவுடர் டப்பா மூவாயிரம் சொல்றாங்க, வாங்கிக் குடுக்கலாமுங்களா?

ஜிம் தம்பி:
அக்கா பவுடர் நல்லது தான், நான் ரெண்டு வருசமா குடிக்கறேன். முடிச்ச அரை மணி நேரத்துக்குள்ள குடிச்சிரணும், இல்லன்னா வேஸ்ட். கால் வலிக்கு ஐஸ் தண்ணில உக்கார வைங்க.

பழைய 400:
அம்மா, நான் பாலக்காட்டு சித்தூர் பக்கம் தான், எட்டு வருசம் 400 ஓடினேன், இப்ப பிசியோவா வேலை பாக்கறேன். பவுடர் வாங்கறதை இப்பத்திக்கு ஒதுக்கி வைங்க. உங்க பொண்ணுக்குக் குறையறது பவுடர் இல்ல, சாப்பாடு. ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டவ மறுநாள் மத்தியானம் வரைக்கும் ஒரு கட்டன் சாயாவுல ரெண்டு மணி நேரம் ஓடறான்னா, அது கிட்டத்தட்ட 16 மணி நேரம் வெறும் வயிறு. தசைக்குள்ள கிளைக்கோஜன்னு சேத்து வச்ச மாவுச்சத்து இன்டர்வல் ஓட்டத்துல ரொம்பவே குறைஞ்சு போகும், அதை நிரப்ப ஒண்ணும் கிடைக்காம அவ பெஞ்சுல உக்காந்து பாடம் கேட்டுட்டு இருக்கா. கடுமையா ஓடினதுல தசை நார் நுணுக்கமா கிழிஞ்சு வர்ற வலி 24 மணி நேரத்துல இருந்து 72 மணி நேரம் வரைக்கும் உச்சத்துல இருக்கறது எல்லாருக்கும் உள்ளது தான், முன்ன ரெண்டு நாள்ல போனது இப்ப நாலு நாள் ஆகுதுன்னா தான் கவனிக்கணும்.

கணக்கு இப்படி வச்சுக்கோங்க. முடிச்ச உடனே கிலோவுக்கு ஒரு கிராம் மாவுச்சத்து, அவளுக்கு 50 கிராம் சுமார், கூட 15ல இருந்து 20 கிராம் புரதம். இது பெரிய விஷயமே இல்ல, புழுங்கின சின்ன நேந்திரம்பழம் ரெண்டு, வேகவச்ச முட்டை ரெண்டு, ஒரு டம்ளர் பால். ஒரு தூக்குல போட்டுக் குடுத்தா பஸ்ஸுலயே தின்னு முடிச்சிரலாம், என் அம்மா எனக்கு அப்படித்தான் குடுத்து விட்டாங்க, பழத்து ஆவி மூடியில முத்து முத்தா நிக்கும். தம்பி சொன்ன அரை மணி நேரம் அவ்வளவு கண்டிப்பில்ல, ஒரு மணி ரெண்டு மணி நேரத்துல சாப்பிட்டாலும் போதும், ஆனா அஞ்சு மணி நேரம் தள்ளக்கூடாது. கிளம்பறதுக்கு முன்னாடியும் ஒரு பழமோ ரெண்டு இட்லியோ போகணும். ஒரு நாளைக்கு மொத்தம் கிலோவுக்கு 1.2ல இருந்து 2 கிராம் புரதம், அவளுக்கு 60க்கு மேல.

எடை குறைச்சா வேகம் வரும்ங்கற பேச்சை தயவு செஞ்சு வீட்டுக்குள்ள விடாதீங்க. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ல நம்ம பய்யோளி பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்துல செகண்ட்ல நூத்துல ஒரு பங்குல வெண்கலத்தை விட்டாங்க. அங்க சாப்பிடக் கிடைச்சது கஞ்சியும் கடுமாங்கா ஊறுகாயும் தான், சத்தான சாப்பாடு இல்லாததால கடைசி 35 மீட்டர்ல தெம்பு நிக்கலன்னு அவங்களே சொல்லியிருக்காங்க. அதை நினைக்கறப்ப எல்லாம் எனக்கு மனசு ஆறாது.

வேலந்தாவளம் நர்ஸ்:
மேல சொன்னது எல்லாம் சரி, ஆனா பீரியட்ஸ் விஷயத்தை நான் அழுத்திச் சொல்றேன் அக்கா. மூணு மாசம் வரலன்னா சகஜம் கிடையாது, டாக்டர் கிட்டக் கூட்டிட்டுப் போயே ஆகணும். ஓட்டத்துக்குச் செலவானது போக மிச்சம் நிக்கற சாப்பாடு, கொழுப்பு நீங்கின எடைக்கு கிலோவுக்கு 30 கலோரிக்குக் கீழ போச்சுன்னா மூளை சினைப்பையை (கருமுட்டைப் பை) வேலை செய்ய வைக்கற ஹார்மோனைக் குறைச்சிரும், ஈஸ்ட்ரோஜன் குறைஞ்சா எலும்பு மெலியும், இந்த வயசுல தான் எலும்பு கட்டிச் சேரணும். முழங்காலுக்குக் கீழ முன்பக்க எலும்புல ஒரே இடத்துல விரல் வச்சா வலிக்குதான்னு பாருங்க, இருந்தா ஓட விடாதீங்க, விரிசலா இருக்கலாம். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014ல ஓட்டத்துக்கு ஏத்த சாப்பாடு பத்தாத இந்தக் குறைபாட்டுக்கு ரெட்-எஸ் (RED-S)னு பேரே வச்சாங்க, பசங்களுக்கும் வரும்.

டாக்டர் கிட்ட ஹீமோகுளோபின் மட்டும் பாத்துட்டு வராம ஃபெரிட்டினும் (உடம்புல சேத்து வச்ச இரும்புச்சத்தோட அளவு) கேளுங்க, பீரியட்ஸ் நின்னதுக்குப் பாக்கற தைராய்டு, புரோலாக்டின் ஹார்மோன் டெஸ்ட்டும் அவங்களே எழுதுவாங்க. அப்புறம் அந்தக் கட்டன் சாயா, சாப்பாட்டோட குடிச்சா இரும்புச்சத்து உடம்புல சரியா ஏறாது, ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கட்டும். இன்னொண்ணு, கடுமையா ஓடின அன்னிக்கு ஒண்ணுக்கு கோலா நிறத்துல போச்சுன்னா வீட்டுல பாத்துட்டு இருக்காம உடனே ஆஸ்பத்திரி.

கொழிஞ்சாம்பாறை அம்மா:
படிச்சுட்டு கை நடுங்குதுங்க, நான் சோத்துல குறை வைக்கல ஆனா அவ தட்டுல மிச்சம் வைக்கறதைப் பாத்தும் ஓடற புள்ளைன்னு விட்டுட்டேன். ராத்திரி கொள்ளுப் பருப்பும் சோறும் தான் செய்வேன், கொள்ளு சூடு, பீரியட்ஸுக்கு ஆகாதுன்னு மாமியார் சொல்றாங்க, நிறுத்திரட்டுங்களா? தினம் முட்டை, மீன்னு வாங்கறதும் கொஞ்சம் கஷ்டம்.

பழைய 400:
கொள்ளை நிறுத்தாதீங்க அம்மா. 100 கிராம் கொள்ளுல 22 கிராம் புரதம் இருக்கு, சோறு கூடச் சேந்தா ஒண்ணுல குறையற அமினோ அமிலம் (புரதத்தோட கூறு) இன்னொண்ணுல வந்துரும். ஒரு கைப்பிடி வறுத்த கடலை 7 கிராம் வரும். மத்தி மலிவா வர்ற நாள்ல நாலு மீன் வாங்கிப் புளி போட்டு வைங்க, கால்சியத்துக்கு முள்ளோட மென்னு தின்னட்டும். பழைய சோத்துல தயிர் ஊத்தி சின்ன வெங்காயம் கடிச்சுக்கிட்டாலும் காலைக்கு நல்லது தான், பக்கத்துல முட்டை ஒண்ணு இருக்கணும் அவ்வளவு தான். ஐஸ் தண்ணி போட்டி அடுத்தடுத்து இருக்கற நாளுக்கு மட்டும், தினம் வேண்டாம். தூக்கம் எட்டு மணி நேரம், அதுக்கு ஈடா நான் இன்னும் ஒண்ணையும் பாக்கல.

கொழிஞ்சாம்பாறை அம்மா (ஆறு வாரம் கழிச்சு):
டாக்டரைப் பாத்தாச்சுங்க. ஃபெரிட்டின் 9 தான் இருந்துச்சு, மாத்திரை குடுத்து ரெண்டு வாரம் ஓட்டத்தை நிறுத்தச் சொன்னாங்க. கோச் கிட்ட நானே போய் ரிப்போர்ட்டைக் காட்டினேன், முதல்ல முகம் குடுக்கல, அப்புறம் சாப்பிட்டுட்டே வரட்டும்னு சொன்னார். தூக்கு தினம் காலியா வருது. இப்ப எடை 49 சொச்சம், படி நேரா இறங்கறா. பீரியட்ஸ் இன்னும் வரல, மூணு மாசம் கூட ஆகலாம்னு டாக்டர் சொல்லியிருக்காங்க, அடுத்த தடவை ஸ்கேன் எடுக்கணும். போயிட்டு வந்து எழுதறேன்.