கோடையில் அதே அளவு மசால் கொடுத்தும் பால் குறைகிறது. ஏன்?

புதுக்கொட்டகை:
வணக்கம். மூணு கறவை மாடு வச்சிருக்கேன். பசுந்தீவனத்துக்குக் குதிரை மசாலும் வேலிமசாலும் போட்டிருக்கேன், 30 நாளுக்கு ஒரு அறுப்பு. குளிர் மாசத்துல மாட்டுக்கு 10 கிலோ குதிரை மசால் போட்டப்போ கிடைச்ச பால் இப்போ இல்ல. அதே 10 கிலோதான் போடுறேன், தினம் ஒன்றரை லிட்டர் குறையுது. தொட்டியில குச்சி மிச்சம் கிடக்குது. செடி அதேதானே, சத்து மட்டும் எப்படி மாறும்? மழைக்காலத்துல இதே மசாலைத் தின்னு ஒரு மாட்டுக்கு வயிறு உப்பிக்கிச்சு, அந்தப் பயமும் இருக்கு. பேசாம சவுண்டல் மரத்தழைக்கு மாறிடலாமா?

தீவனப்பாத்தி:
அந்தக் குச்சியைத்தான் முதல்ல கவனிக்கணும் தம்பி. மசாலோட புரதம் பெரும்பாலும் இலையிலதான் இருக்கு. தண்டைவிட ரெண்டு மடங்குக்கு மேல. போன கோடையில ஒரு கிலோ குதிரை மசால் அறுத்து, சாக்குல கொட்டி, நானும் வீட்டுக்காரியும் உட்கார்ந்து இலையை உருவி எடை போட்டோம். பூ முழுசா விரிஞ்ச பாத்தி அது. இலை 380 கிராம்தான் தேறுச்சு. பக்கத்துப் பாத்தி அப்போதான் மொட்டு விட்டிருந்தது. அதுல இலை பாதிக்கு மேல. விதையும் ஒண்ணு, தண்ணியும் ஒண்ணு. மொட்டு விட்ட செடியோட தண்டை நகத்தால கீறினா சாறு கசிஞ்சது. பூத்ததுல நகமே இறங்கல. தண்டை மரமாக்குற லிக்னின்ங்கிற பொருள் ஏறி இறுகிப்போச்சு. அதை மாட்டு வயித்துல இருக்குற நுண்ணுயிரால உடைக்க முடியாது.

வெயில் ஏறினா செடி சீக்கிரம் பூக்கும், தண்டும் சீக்கிரம் முத்தும். குளிர்ல 30 நாள் செடி இளசு, கோடையில அதே 30 நாளுக்கு முத்தல். மொட்டுல 20 சதவீதத்தை ஒட்டி இருக்குற புரதம் முழுப் பூவுல 15 பக்கம் வந்துடும். அதனால நாள் எண்ணாதீங்க, மொட்டைப் பாருங்க. அதுக்காக வருஷம் முழுக்க இளசாவே அறுத்தா வேர்ல சேமிப்பு கரைஞ்சு பாத்தி மெலிஞ்சுபோகும். நான் வருஷத்துல ஒரு அறுப்பை மட்டும் பூக்க விட்டுடுவேன்.

வேலிமசாலோட குணம் வேற. அது கட்டைச் செடி, நாள் தள்ளிப்போனா தண்டு விறகுதான். ஆனா அதுல டானின்ங்கிற துவர்ப்புப் பொருள் இருக்கிறதால உப்புசம் வராது. சவுண்டலுக்கு வேர் ஆழம், கோடையிலயும் பச்சையா நிக்கும், புரதமும் தாராளம். இருந்தாலும் முழுசா மாறிடாதீங்க. அதுல மைமோசின்னு ஒரு நச்சுப்பொருள் இருக்கு, கொழுந்துலதான் அதிகம். மொத்தத் தீவனத்துல மூணுல ஒரு பங்கைத் தாண்டினா முடி கொட்டும், தைராய்டு கெடும். புதுசா பழக்குற மாட்டுக்கு அதைவிடக் குறைவா ஆரம்பிக்கணும்.

வறட்சிநிலம்:
அண்ணன் சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கிறேன். சூடு வேற, தண்ணிப் பற்றாக்குறை வேற. தண்ணி கொஞ்சம் குறைஞ்சா மசால் வளர்ச்சி மந்தப்படும், முத்துறதும் தள்ளிப்போகும். விளைச்சல் குறைவா இருந்தாலும் தண்டு மென்மையா இருக்கும். ரொம்பக் காய்ஞ்சு இலை உதிர ஆரம்பிச்சாதான் நஷ்டம். நல்லா தண்ணி கட்டின பாத்திதான் வெயில்ல சடசடன்னு வளர்ந்து முத்திடுது.

இன்னொண்ணு, பால் குறையுறதுல தீவனத்துக்கு மட்டும் பங்குன்னு நினைக்காதீங்க. சூட்டுல மாடே தீனியைக் குறைச்சுக்கும். வெயில் தாழ்ந்த பிறகு ராத்திரிக்குப் பெரிய பங்கைப் போட்டுப் பாருங்க.

புதுக்கொட்டகை:
இன்னைக்குக் காலையில போய்ப் பார்த்தேன். 23 நாள்தான் ஆச்சு, அதுக்குள்ள மூணு பாத்தியிலயும் மொட்டு. ஒரு பாத்தியில பூவே விரிஞ்சிருக்கு. நான் 30 நாள் வரைக்கும் காத்திருந்தது தப்புன்னு இப்போ புரியுது. நாளைக்கே அறுக்கிறேன். மழைக்காலத்துல என்ன செய்றது?

தீவனப்பாத்தி:
மழைக்காலத்து மசால் இளசா இருக்கும், ஆனா தண்ணி ஜாஸ்தி. 10 கிலோவுல உலர்பொருள், அதாவது தண்ணி போக மிஞ்சுறது, ஒன்றரை கிலோதான் இருக்கும். நல்லா விளைஞ்ச மசால்ல ரெண்டரை கிலோ கிடைக்கும். கணக்குல ஒரு கிலோ துண்டு விழுது, அதை வேற தீனியால ஈடுகட்டணும். உப்புசத்துக்குக் காரணம் சீக்கிரம் கரையுற புரதம். வயித்துல நுரை கட்டி, காத்து வெளியேற முடியாம அடைச்சுக்கும். நனைஞ்ச மசாலை அப்படியே போடாதீங்க. சில மணி நேரம் நிழல்ல வாட்டுங்க, முதல்ல வைக்கோல் தின்ன விட்டுட்டு அப்புறம் போடுங்க. நான் அந்த மாசங்கள்ல பாதி குதிரை மசால், பாதி வேலிமசால் கலந்துதான் வெட்டிப் போடுறேன்.

நாளைக்கு அறுக்கும்போது பூ விரிஞ்ச பாத்தியைத் தனியா வையுங்க. அதைக் கறக்காத மாட்டுக்குப் போட்டுட்டு, மொட்டு விட்டதைக் கறவைக்குக் கொடுங்க. ஒரு வாரம் கழிச்சுத் தொட்டியில எவ்வளவு குச்சி மிஞ்சுதுன்னு எடை போட்டு இங்கேயே எழுதுங்க.