அத்தானுக்குக் கட்டமரான்: வேகமா, சொகுசா?

அலம்பில் பெடியன்:
வணக்கம் அண்ணைமார். பிரான்சில் இருக்கும் அத்தான் பென்சன் எடுத்ததும் பழைய கட்டமரான் (இரண்டு உடல் உள்ள பாய்மரப் போட்) ஒன்று வாங்கி, திருகோணமலையில் நிறுத்தி, முல்லைத்தீவுக்கு வந்துபோக நினைக்கிறார். அந்தமானுக்கும் ஒருமுறை போக ஆசை. பார்த்து வைத்த இரண்டும் 42 அடி. ஒன்று அகலம், நிலையான ஏரா (உடலுக்கு அடியில் நீளமாக நீட்டி நிற்கும் பகுதி), ஜெனரேட்டர், ஏசி எல்லாம் உண்டு. மற்றது ஒல்லி, பாரம் குறைவு, ஏராவுக்குப் பதிலாக ஏற்றி இறக்கும் பலகை. அக்காவுக்கு முதலாவது பிடித்திருக்கிறது, அத்தானுக்கு இரண்டாவது. எனக்குத் தெரிந்தது பைபர் போட் மட்டும்தான். என்ன சொல்லட்டும்?

திருமலைக்காரன்:
தம்பி, முதலில் தூரத்தைப் பாருங்கோ. இங்கிருந்து முல்லைத்தீவு 50 கடல்மைல் அளவு. 6 நொட்டில் (மணிக்கு 6 கடல்மைல்) எட்டு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேல், 8 நொட்டில் ஆறேகால். எதில் வந்தாலும் விடியப் புறப்பட்டால் பொழுதுபடமுன் சேரலாம். அந்தமானில் போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) 700 கடல்மைல் வரும். அங்கேதான் ஐந்து நாள் நாலு நாளுக்குள் முடியும்.
இன்னொன்று, முல்லைத்தீவு திறந்த கரை. வாடைக்காற்றுக்கு அங்கே நங்கூரத்தை நம்பி நிற்க ஏலாது.

ஓடாவி:
ஒல்லி உடல் பாரம் ஏற்றினால் சட்டென்று தாழும். ஜெனரேட்டர், மேலதிக பற்றரி, 600 லீற்றர் தண்ணீர் என்றால், தண்ணீர் மட்டுமே 600 கிலோ, காசு கொடுத்து வாங்கிய வேகம் துறைமுகத்திலேயே போய்விடும். அதைவிட மோசம், இரண்டு உடலையும் இணைக்கும் தளத்தின் அடிப்பக்கம் தண்ணீருக்குக் கிட்டப் போகும். அலை கீழிருந்து சம்மட்டியால் போடுகிற மாதிரி அடிக்கும். மேசையில் தேத்தண்ணிக் கோப்பை துள்ளும், ஒருவருக்கும் நித்திரை வராது. அகலமான போட்டிலும் அந்த இடைவெளி குறைவென்றால் இதே கதைதான். தண்ணீரும் டீசலும் நிரப்பிய பிறகு டேப் பிடித்து அளக்கச் சொல்லுங்கோ. 42 அடிக்கு 70 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் நான் தொடமாட்டேன்.
பலகை எதிர்க்காற்றுக்கு நல்லது, போட் பக்கவாட்டில் வழுக்காது. நிலையான ஏரா அதில் கொஞ்சம் பின்தங்கும். ஆனால் மணல் தட்டினால் சுக்கானைக் காப்பாற்றுவது அதுதான்.

அலம்பில் பெடியன்:
அத்தான் கப்பலேறினாலும் அரிசி மூட்டையோடு ஏறுகிற ஆள் அண்ணை. பாரம் குறைக்கமாட்டார்.

ஓடாவி:
அப்போ அக்கா சொன்னதை எடுங்கோ, இடைவெளி சரியென்றால். ஏசியையும் ஜெனரேட்டரையும் கழற்றி விற்று அந்தக் காசுக்குப் புதுப் பாய் தைப்பியுங்கோ. பழைய பாய் வயிறு வைத்திருந்தால் எந்தப் போட்டும் ஓடாது.

அலம்பில் பெடியன்:
சரி அண்ணை. ஏசியைக் கழற்றுகிற கதையை அத்தானே அக்காவிடம் சொல்லட்டும்.