12 இரவுகளில் 5 கோழிக்குஞ்சுகள் போய்விட்டன: பாம்பை எப்படித் தடுப்பது?

மியான்மரின் மௌலமைன் நகருக்கு அருகே, ரப்பர் தோட்டத்தை ஒட்டிய வீடு. 4 வாரமான நாட்டுக் கோழிக்குஞ்சுகள் 14 இருந்தன. 12 இரவுகளில் 5 போய்விட்டன. இறகும் இல்லை, இரத்தமும் இல்லை. நேற்று விடியற்காலை ஒன்று மட்டும் செத்துக் கிடந்தது. தலையும் கழுத்தும் எச்சிலில் நனைந்து ஒட்டியிருந்தன. விழுங்க முடியாமல் பாம்பு கக்கிவிட்டுப் போயிருக்கிறது என்றே நினைக்கிறேன். கீரி என்றால் கடித்த காயம் இருந்திருக்கும்.

மூங்கில் கூண்டு, 6 அடி நீளம், தரையிலிருந்து 2 அடி உயரத்தில் நிற்கிறது. சுற்றிலும் ஒன்றரை அங்குலக் கண் உள்ள கம்பி வலை அடித்தேன், பயனில்லை. பூண்டும் பினாயிலும் மழையோடு போயின. விறகுக் குவியலை அகற்றினேன். எலி வராதபடி தவிட்டைத் தகர டின்னுக்கு மாற்றினேன். நைலான் வலை கட்டச் சொன்னார்கள். அதில் நாகம் சிக்கிக்கொண்டால் யார் விடுவிப்பது? வீட்டில் சிறு பிள்ளைகள் இருக்கிறார்கள். அடித்துக் கொல்லவும் எனக்கு மனமில்லை.

அரை அங்குலக் கம்பி வலை வாங்கப்போகிறேன். இடுக்குள்ள மூங்கில் தரைக்கும் அதையே அடித்தால், இந்த மழைக்காலத்தில் எச்சம் தேங்கிக் குஞ்சுகளுக்கு நோய் வருமா?