ஒரே கண்ணுல பிரஷரும் விழித்திரைக் கோளாறும்: மலேசியாவுல தாப்பா, பீடோர் பக்கம் பார்த்தது

கண் பிரிவு தாதி, தாப்பா

இனிப்புநீரால விழித்திரை கெட்டவங்களுக்குக் கண் பிரஷரும் (குளுக்கோமா) சேர்ந்து இருந்தா வேலை எந்த இடத்துல பிசகுதுன்னு அவங்கவங்க பார்த்ததை எழுதுங்க. சொந்தக் கதை வேண்டாம், விவரம் போதும்.

நான் பார்க்குற முதல் பிசகு வரிசையிலதான். கூட்டம் அதிகமான நாள்ல, படம் எடுக்க ஆள் வந்து உட்கார்ந்ததும் கண்மணி விரியுற சொட்டைப் போட்டுடுறாங்க. போட்டாச்சுன்னா மூணு விஷயம் கைநழுவிப் போயிடும். சொட்டுக்கு முன்னாடி பிரஷர் எவ்வளவு இருந்துச்சுன்னு தெரியாது. கண்மணி ஓரத்துல, ஐரிஸ் (கண்மணியைச் சுத்தி இருக்குற நிற வளையம்) மேல முடி மாதிரி சிவப்பா ஓடுற புது ரத்தக்குழாய் மடிப்புக்குள்ள மறைஞ்சிடும். உள்ளே நீர் வடியுற கோணம் குறுகலா இருந்தா, அதைப் பார்க்காமலே விரிச்சு அடைச்சும் விட்டிருப்போம். அந்த ஆளு சாயங்காலம் தோட்டத்து லயத்து வீட்டுக்குப் போய், பல்பைச் சுத்தி வானவில் வளையம் தெரியுது, தலை வெடிக்குது, வாந்தி வருதுன்னு திரும்பி வருவாரு.

சரியான வரிசை இதுதான்: முதல்ல பார்வை அளவு, அப்புறம் பிரஷர், பிறகு விரிக்காத கண்ணுல ஐரிஸ் ஓரத்தை ஸ்லிட் லேம்ப்ல நல்லா பெருசாக்கிப் பார்க்கணும். அடுத்து கோனியோ லென்ஸ் வெச்சுக் கோணம். கடைசியிலதான் சொட்டு. பிரஷர் பொதுவா 10க்கும் 21க்கும் நடுவுல இருக்கும். ஆனா 18 இருக்குறவருக்கும் பார்வை நரம்பு தேயலாம், அதனால நம்பரை மட்டும் பார்த்து அனுப்பிடாதீங்க.

ஆப்டோமெட்ரிஸ்ட்

ஸ்கேன் பொய் சொல்ற இடம் ரெண்டு இருக்கு.

விழித்திரை நடுவுல நீர் கோத்திருந்தா எல்லா அடுக்கும் ஊதித் தெரியும். நரம்பு அடுக்கு உண்மையில தேய்ஞ்சிருந்தாலும் மெஷின் பச்சையில (நல்லா இருக்குன்னு) காட்டிடும். அப்புறம் கண்ணுக்குள்ள ஊசி போட்டு நீர் வத்துனதும் அதே மெஷின் சிவப்பு காட்டும். "மூணு மாசத்துல நரம்பு இவ்வளவு போச்சா"ன்னு பதறி பிரஷர் சொட்டை ரெண்டாக்கிடுறாங்க. போனது நரம்பு இல்ல, தண்ணி.

ரெண்டாவது லேசர். விழித்திரை முழுக்கப் போடுற லேசர்ல ஆயிரத்துக்கு மேல புள்ளி விழும். அதுலயே ஓரப் பார்வை சுருங்கும், கொஞ்ச காலத்துல நரம்பு அடுக்கும் மெலியும். குளுக்கோமாவும் ஓரத்தைத்தான் முதல்ல தின்னும். எது எதால போச்சுன்னு பின்னால யாராலயும் பிரிக்க முடியாது. லேசர் முடிஞ்சு சில மாசம் கழிச்சுப் புதுசா ரெண்டு ஃபீல்டு டெஸ்ட் (பார்வைப் பரப்பை அளக்குறது) எடுத்து, இனிமே அதையே அடிப்படையா வெச்சுக்குங்க. ஊசி, லேசர் தேதிகளை ஃபீல்டு தாள் ஓரத்துலயே பேனாவால எழுதிடுங்க. ஃபைல்ல எங்கேயோ இருக்குன்னு விட்டா ஒருத்தரும் தேட மாட்டாங்க. ஸ்கேனை நம்ப முடியாத கண்ணுல நரம்பு வட்டை நேர்ல பார்க்குறதே மேல்: குழி பெருசாகி விளிம்பு மெலிஞ்சா குளுக்கோமா, குழி பெருசாகாம விளிம்பு வெளிறியிருந்தா வேற காரணம் தேடணும்.

மருந்தாளர்

பிரஷர் இறக்குற சொட்டு விஷயம். லட்டானோபிராஸ்ட் திறக்காத பாட்டில் 2 முதல் 8 டிகிரியில இருக்கணும். திறந்தப்புறம் 25 டிகிரிக்குள்ள, நாலு வாரம். நம்ம ஊர்ல பகல்ல வீட்டுக்குள்ளேயே 30ஐத் தாண்டுது. மோட்டார் கூடையில வெச்சு வெயில்ல நிறுத்துனா கேட்கவே வேண்டாம். அதனால திறந்த பாட்டிலையும் ஐஸ்பெட்டிக் கதவுலயே வைக்கச் சொல்லிடுறது. திறந்த தேதியை லேபிள்ல எழுதணும்.

டிமோலோல் போடுறவர் இன்சுலினும் போட்டுக்கிட்டாருன்னா ரெண்டு தடவை யோசிங்க. காலையில பசியாறாம பெரட்டுக்கு (தோட்டத்துல காலையில பேர் குடுக்குறதுக்கு) ஓடுறவருக்குச் சர்க்கரை இறங்கினா நெஞ்சு படபடக்கும். அந்தப் படபடப்பை டிமோலோல் அமுக்கிடும், வேர்வை மட்டும்தான் மிஞ்சும். வெயில்ல வேலை பார்க்குற ஆளு வேர்வையை எங்க கவனிக்கப் போறாரு? ஆஸ்துமா இருந்தா டிமோலோலே கூடாது.

பிரஷர் இறக்குற அசெட்டசோலமைடு மாத்திரை குடுக்குறதுக்கு முன்ன கிட்னி ரத்தப் பரிசோதனையைப் பாருங்க. விழித்திரை கெட்ட இனிப்புநீர்க்காரங்கள்ல பலருக்குக் கிட்னியும் ஆட்டம் கண்டிருக்கும். இந்த மாத்திரை விரல் நுனியை மரமரக்க வைக்கும், அதை இனிப்புநீர் மரமரப்புன்னு நெனச்சு விட்டுடுறாங்க.

பாசார் மாலாம்ல (ராத்திரிச் சந்தையில) விக்கிற மூட்டுவலி மாத்திரையும் ஜாமுவும் (நாட்டு மூலிகை மருந்து)தான் எனக்குப் பெரிய எரிச்சல். இந்த மாதிரிச் சரக்குல டெக்சாமெத்தசோன்ங்கிற ஸ்டீராய்டு கலந்து பிடிபடுறது புதுசில்ல. அது கண் பிரஷரையும் ஏத்தும், சர்க்கரையையும் ஏத்தும், ரெண்டு நோய்க்கும் ஒரே பொட்டலம். ‘மால்’ எண்ணும் (அரசாங்க மருந்துப் பதிவு எண்) ஹோலோகிராமும் இல்லாததைத் தொடவே வேண்டாம். வலி சட்டுன்னு நின்னுச்சுன்னு சொன்னா சந்தேகப்படுங்க. பல மாசம் சாப்பிட்டவர் சட்டுன்னு நிறுத்தவும் கூடாது, டாக்டர்கிட்ட காட்டிக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும்.

பராமரிப்பாளர் ஒருவர்

அம்மாவுக்கு மூணு பாட்டில் குடுத்திருக்காங்க. ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் எவ்வளவு நேரம் விடணும் மிஸ்ஸி?

கண் பிரிவு தாதி, தாப்பா

அஞ்சு நிமிஷம்ங்க. ஒரு சொட்டே கண்ணு கொள்ளாது, உடனே அடுத்ததை விட்டா முதல் சொட்டு வழிஞ்சு போயிடும். விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரத்து மூலையை விரலால ரெண்டு நிமிஷம் அழுத்தச் சொல்லுங்க. பால் மாதிரி கலங்கலா இருக்குற பாட்டிலைக் குலுக்கிட்டு விடணும். ஜெல் இருந்தா அது கடைசி.

விழித்திரைப் பிரிவு மருத்துவ உதவியாளர், ஈப்போ

ஊசி பத்திச் சொல்றேன். கண்ணுக்குள்ள போறது 0.05 மில்லிதான். ஆனா போன அந்த நிமிஷம் பிரஷர் 30, 40ஐத் தாண்டலாம், பெரும்பாலும் அரைமணி நேரத்துல இறங்கிடும். நல்ல நரம்பு தாங்கும், ஏற்கெனவே தேய்ஞ்ச நரம்புக்கு அது கூட அதிகம். ஊசி போட்டதும் விரல் எண்ணச் சொல்லுங்க. வெளிச்சமே தெரியலன்னா டாக்டர் அங்கேயே நின்னு கவனிக்கணும். பிரஷர் ஆபரேஷன் பண்ணி மேல் இமைக்குள்ள கொப்புளம் விட்டிருக்குறவருக்கு ஊசியைக் கீழ்ப்பக்கமாப் போடணும்.

ஸ்டீராய்டு வெச்ச கண்ணுன்னா உடனே ஒண்ணும் தெரியாது. கண்ணுக்குள்ள வெக்கிற டெக்சாமெத்தசோன் குச்சிக்குப் பிரஷர் உச்சம் போறது சுமார் ரெண்டாவது மாசத்துல. மூணு மாசம் கழிச்சு வாங்கன்னு தேதி எழுதிக் குடுத்தா அந்த ஏத்தத்தைத் தவற விட்டுடுவோம்.

ஐரிஸ்ல புதுக் குழாய் வந்த கண்ணுக்கு ஊசி போட்டா சில நாள்ல குழாய் சுருங்கும், சிவப்பும் போயிடும். "சரியாயிடுச்சு"ன்னு லேசருக்கு வராம நின்னுடுவாங்க. மருந்து தீர்ந்ததும் அதே குழாய் திரும்ப முளைச்சு, இந்தத் தடவை கோணத்தையே ஒட்டிப் போட்டுடும். விழித்திரையில மைய நாளம் (வெயின்) அடைச்சவங்களுக்கும் இதே ஆபத்து, அடைச்சு மூணு மாச வாக்குல வரும். முதல் ஆறு மாசம் மாசாமாசம், விரிக்காம, கோணத்தோட பார்க்கணும்.

இன்னொண்ணு, தாப்பாக்காரங்களுக்கே உரியது. விழித்திரை பிரிஞ்சு ஆபரேஷன் பண்ணி உள்ளே கேஸ் அடைச்சவங்க கேமரன் மலை ஏறக்கூடாது. அங்க இருக்குற தானா ராத்தா ஊர் சுமார் 1,440 மீட்டர் உயரம், தாப்பாவுல இருந்து ஒன்றரை மணி நேரத்துல ஏறிடலாம். மேலே போகப் போகக் கேஸ் விரியும், பிரஷர் எகிறும். விமானத்துக்கு மட்டும்தான் தடைன்னு நெனச்சு, காடியில (வண்டியில) மலைமேல காய்கறி ஏத்தக் கிளம்பிடுறாங்க. ஒருவகைக் கேஸ் ரெண்டு வாரம் இருக்கும், இன்னொருவகை எட்டு வாரம் வரைக்கும். எதை அடைச்சாங்கன்னு டிஸ்சார்ஜ் தாள்ல பார்த்துக்குங்க. வேற ஆபரேஷன்னா சிரிப்பு வாயு வேண்டாம்னு மயக்க மருந்து டாக்டர்கிட்டயும் சொல்லணும்.

தோட்டத்து கிளினிக் டிரஸ்ஸர், பீடோர்

எங்க பக்கம் இனிப்புநீர் இல்லாமலும் ரெண்டும் சேர்ந்து வருது. செம்பனைக் குலை வெட்டுறப்ப ஆள் அண்ணாந்து நிப்பாரு. மட்டைக் காம்போ உதிரிப் பழமோ கண்ணுல மோதும். கருவிழிக்குப் பின்னால ரத்தம் தேங்கி, ஒரு வாரத்துல தெளிஞ்சதும் வேலைக்குப் போயிடுவாரு. ஆனா அந்த அடி உள்ளே கோணத்தைக் கிழிச்சிருக்கும். கிழிசல் பாதி வட்டத்துக்கு மேல இருந்தா பிரஷர் பல வருஷம் கழிச்சுக்கூட ஏறலாம். அதே அடியில விழித்திரை ஓரமும் பிய்ஞ்சிருக்கும், மெதுவாப் பிரியும், பெரும்பாலும் காது பக்கத்துக் கீழ்மூலையில. பிரிஞ்ச கண்ணுல பிரஷர் பொதுவா இறங்கித்தான் இருக்கும், அதனால ஏத்தம் அமுங்கி, பிரிஞ்சதைச் சரி பண்ணினப்புறம்தான் வெளியே தெரியவும் கூடும்.

நான் கார்டுல எழுதுறது நாலு வரி: எந்தக் கண்ணு, எந்தத் தேதி, எது மோதுச்சு, ரத்தம் தேங்குச்சா. தெளிஞ்சப்புறம் ஒரு தடவை கோணமும் விழித்திரை ஓரமும் பார்க்க ஈப்போவுக்கு லெட்டர், அதுக்கு மேல வருஷத்துக்கு ஒரு பிரஷர். ஆளு தோட்டம் மாறிப் போறப்ப அந்தக் கார்டையும் கையில குடுத்தனுப்புங்க.